கப்பலுக்குப் போன கோப்பை

நாற்பத்தாறு வயது வரை தையல் டீச்சர் ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை. வட்டமாக இருந்து உருண்டோடிய பொருள் எதையாவது அவர் துரத்தியிருக்கிறார் என்றால், அது மேசைக்கு அடியில் ஓடிய நூல்கண்டுதான். ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புகளும், வகுப்புக்கு மூன்று பிரிவுமாக ஒன்பது அறைகள் கொண்ட பள்ளி அது. மாடிப்படிக்குக் கீழே இருந்த தையல் அறையில் ஆறு மிஷின்கள். அவற்றில் இரண்டு ஓடும், ஒன்று ஓடுகிற மாதிரி சத்தம் போடும். பத்தொன்பது வருஷமாக அதுதான் அவருடைய ராஜ்யம்.

அந்த வருஷம் கால அட்டவணை மாறியதில் அவருக்கு வாரத்தில் ஆறு பீரியட் ஓய்வு கிடைத்தது. ஓய்வாக இருக்கும் ஆசிரியரைக் கண்டால் தலைமை ஆசிரியருக்குக் கண் உறுத்தும். கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சர், இந்த வருஷம் வகுப்புகளுக்கு நடுவுல நடக்கிற விளையாட்டுப் போட்டியெல்லாம் உங்க பொறுப்பு."

"நானா சார்? எனக்கு விளையாட்டுன்னா என்னன்னே தெரியாதே."

"தெரிய வேண்டாம். சும்மா பேருக்குத்தான். பி.டி. மாஸ்டருக்கு ஸ்கூல் டீமைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு. வருஷக் கடைசியில ஒரு பேரை எழுதிக் குடுத்தீங்கன்னா, அந்தச் சுழற்கோப்பையை விழாவுல குடுத்துடலாம். யார் பேருன்னு மாஸ்டரே சொல்லிடுவார்."

இங்கேதான் தலைமை ஆசிரியரின் கணக்குத் தப்பியது. பேருக்கு என்று ஒரு வேலையைச் செய்ய தையல் டீச்சருக்கு வராது. பாவாடை விளிம்பு ஒரு நூல் அளவு கோணினாலும் முழுத் தையலையும் பிரித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிற கை அது.

மறுநாள் பி.டி. மாஸ்டரிடம் போய்ப் பந்து கேட்டார். மாஸ்டர் உழைப்பாளி, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். விடியற்காலையில் வந்து பதினாறு பிள்ளைகளை ஓடவைப்பார். வெளிப் பள்ளிகளோடு மோதிக் கூடைப்பந்தில் வருஷத்துக்கு நாலைந்து கோப்பை கொண்டுவருவார். ஆனால் பள்ளியில் முந்நூற்றிருபது பிள்ளைகள். மிச்சம் முந்நூற்று நாலு பேர் விளையாட்டு பீரியடில் மதில் ஓரமாக உட்கார்ந்து பதினாறு பேருக்கும் கை தட்டுவார்கள்.

"கோர்ட்டைக் குடுக்க முடியாது டீச்சர். பந்து வேணும்னா அந்த மூலையில கிடக்கு, எடுத்துக்குங்க" என்றார் மாஸ்டர்.

மூலையில் மூன்று பந்துகள் கிடந்தன. மூன்றும் வாய் பிளந்தவை. டீச்சர் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, மெழுகு தடவிய நூலும் தடித்த ஊசியுமாக உட்கார்ந்து இரண்டை உயிர்ப்பித்தார். மூன்றாவது, ஊசி பட்டவுடனே 'உஸ்' என்று கடைசி மூச்சை விட்டது. ஆய்வுக்கூடத்தில் கழற்றிப் போட்டிருந்த பச்சைத் திரையையும் பழுப்புத் திரையையும் வெட்டி, தலைவழியாக மாட்டிக்கொள்ள அணிக்குப் பத்து மேல்சட்டை தைத்தார். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருந்தது. அங்கே எறிபந்துக்குக் கோர்ட் போட பதினெட்டு மீட்டர் அளக்க வேண்டும். கையில் இருந்ததோ ஒன்றரை மீட்டர் தையல் டேப். பன்னிரண்டு தடவை குனிந்து நிமிர்ந்து அளந்து முடித்தபோது இடுப்பு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டது.

கடைசியாக விதிகள் எழுதினார். ஒரே தாளில் ஏழு விதி. மதிய இடைவேளையில் வந்து ஆடினால் ஒரு புள்ளி. ஆடிய அணி ஜெயித்தால் இன்னொரு புள்ளி. நடுவராக நின்றாலோ புள்ளி குறித்தாலோ ஒரு புள்ளி. நடுவரைப் பார்த்துக் கத்தினால் இரண்டு புள்ளி போகும். பேர் கொடுத்த யாரையும் ஆட்டத்தில் சேர்க்காமல் விடக்கூடாது. வருஷ முடிவில் அதிகப் புள்ளி யாருக்கோ, சுழற்கோப்பை அவருக்கே. ஏழாவது விதி: கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் அதே மைதானத்தில் கோப்பை கையில் கொடுக்கப்படும்.

இதை ஏன் இப்படி எழுதினார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பன்னிரண்டு வயதில் அவருடைய பள்ளியில், ஓடுகிறவர்கள் கழற்றிக் கொடுத்த கடிகாரங்களையும் செருப்புகளையும் காவல் காக்கிற வேலை அவருக்கு. மூன்று வருஷம் காத்தார். ஒரு செருப்புகூடத் தொலையவில்லை. "நீயும் ஒரு தடவை ஓடிப் பாரேன்" என்று யாரும் சொன்னதுமில்லை.

தலைமை ஆசிரியர் தாளை வாங்கினார். வேறொரு தாளைப் படித்துக்கொண்டே இதில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். விதித்தாள் தண்ணீர்க் குழாய்களுக்கு மேலே இருந்த பலகையில் ஏறியது.

முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒருத்திதான் கப்பல்.

ஏழாம் வகுப்பு. நல்ல உயரம், நல்ல பருமன். "அவ திரும்பணும்னா ஒரு துறைமுகமே வேணும்" என்று யாரோ சொல்லப் போக, அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதை மறுக்கவில்லை. நோட்டு அட்டையிலேயே ஒரு கப்பல் படம் வரைந்து வைத்திருந்தாள், மூன்று புகைபோக்கிகளோடு. அப்பா வெல்டர். அப்பாவைப் போலவே அவளும் அதிகம் பேசமாட்டாள். பேசினால் பற்றவைத்த மாதிரி இருக்கும்.

முதல் ஆட்டத்தில் அவள் கைக்கு வந்த ஆறு பந்தில் ஐந்தை விட்டாள். ஆறாவது நேராக மூக்கில் விழுந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்குதா? உக்காந்துக்கிறியா?" என்று கேட்டார் டீச்சர்.

"உக்காந்தா புள்ளி உண்டா?"

"கிடையாது."

"அப்போ நிக்கிறேன்."

அன்றிலிருந்து அவள் நின்றாள். பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு இருபத்தைந்து நிமிஷம் ஆடினாள். மழைத்தூறலில் வந்தாள், மறுநாள் கணக்குப் பரீட்சை இருந்தபோதும் வந்தாள், கணுக்கால் பிசகியபோது நொண்டிக்கொண்டே வந்து நடுவராக நின்றாள். தொடர் ஓட்டத்தில் அவள் குச்சியை வாங்கி முடிப்பதற்குள் மற்ற அணிகள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். ஆனாலும் நடுவராக நிற்கும்போது அவள் விசில் ஊதினால் மறுபேச்சு இல்லை. கோட்டில் பட்டதா, வெளியே போனதா என்று அவள் கண்ணுக்குத் தப்பாது. நாளாக நாளாகக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்தது. பதினொன்று அறுபதாயிற்று, பிறகு நூற்றைம்பது. இரண்டாவது கோர்ட், மூன்றாவது கோர்ட் என்று டீச்சர் அளந்துகொண்டே இருந்தார். டேப்பில் முதல் பத்து எண்கள் அழிந்தே போயின.

ஸ்கூல் டீம் கேப்டனும் வந்தான். எட்டாம் வகுப்பு, பட்டப்பேர் ராக்கெட். நிஜமாகவே அழகாக ஆடுகிற பையன். ஜெயிக்கிற நாளாகப் பார்த்து வந்தான், ஜெயித்தான், போனான். நடுவர் தப்பு என்று மூன்று தடவை கத்தினான். மூன்று தடவையும் நடுவர் கப்பல்தான். மூன்று தடவையும் டீச்சர் இரண்டிரண்டு புள்ளியைக் கழித்தார்.

வருஷ முடிவில் அறுபத்து நாலு ஆட்ட நாள் ஆகியிருந்தது. டீச்சர் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டினார். கப்பல் ஆடியது ஐம்பத்தெட்டு, ஜெயித்தது ஒன்பது, நடுவராக நின்றது பதினான்கு, சில நாள் இரண்டும். மொத்தம் எண்பத்தொன்று. இரண்டாவது இடம் ஆறாம் வகுப்பு ஒல்லிப் பையன் ஒருவனுக்கு, எழுபத்து நாலு. ராக்கெட் ஆடியது இருபத்து மூன்று, ஜெயித்தது இருபத்தொன்று, கத்தியதற்குக் கழிந்தது ஆறு. முப்பத்தெட்டுப் புள்ளியோடு நாற்பதாவது இடத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்தான்.

பேர் எழுதிய தாள் தலைமை ஆசிரியர் மேசைக்குப் போன கால்மணி நேரத்தில் டீச்சருக்கு ஆள் வந்தது. அறையில் பி.டி. மாஸ்டரும் இருந்தார், முகம் சிவந்து.

"என்ன டீச்சர் இது, விளையாட்டா?" என்றார் தலைமை ஆசிரியர்.

"ஆமா சார். விளையாட்டுதான்."

"இந்தப் பொண்ணு வருஷம் முழுக்க ஒன்பது ஆட்டம்தான் ஜெயிச்சிருக்கு! அதுக்குச் சுழற்கோப்பையா? விழாவுக்கு வர்றவங்க சிரிக்கமாட்டாங்களா?"

"சிரிச்சா சிரிக்கட்டும் சார். விதி அப்படி. நீங்க கையெழுத்துப் போட்ட விதி."

மாஸ்டர் பொறுக்கமாட்டாமல் குறுக்கே வந்தார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்களுக்கு விளையாட்டு தெரியாது, அதனால விதியையே கோணலா எழுதி வச்சிருக்கீங்க. விளையாட்டுன்னா ஜெயிக்கணும். அதுக்குத்தான் கோப்பை."

"ஜெயிக்கிறதுக்கு உங்க அலமாரியில முப்பது கோப்பை இருக்கு மாஸ்டர். நான் தூசி தட்டியிருக்கேன், எனக்குத் தெரியும். இது ஒண்ணு வந்து நிக்கிறவங்களுக்கு. எனக்கு ஆடத் தெரியாதுதான். ஆனா ஆடத் தெரியாதவங்களை என்ன பண்ணுவாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். செருப்புக்குக் காவல் வைப்பாங்க."

தலைமை ஆசிரியர் சமரசம் பேசினார். அது அவருடைய கைவந்த கலை. கப்பலையே கூப்பிட்டனுப்பினார். "உனக்கு மேடையில ஒரு ஊக்கச் சான்றிதழ் தரோம்மா. சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு. சந்தோஷம்தானே?"

கப்பல் தலைமை ஆசிரியரையே பார்த்தாள். டீச்சரைப் பார்க்கவே இல்லை.

"அது வேணாம் சார். கோப்பை என்னோடதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"நீ வகுப்புக்குப் போ" என்றார் தலைமை ஆசிரியர்.

அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டில் இதைச் சொன்னார். கணவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதி உலகத்தையே அப்படிப் பார்க்கிறவர்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டே. உன்னை யார் விதியெல்லாம் எழுதச் சொன்னது? அவங்க சொல்ற பேரை எழுதிக் குடுத்துட்டு வந்தா உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

"உங்க டிப்போவுல பெரிய ஆளோட வண்டி பத்து நிமிஷம் லேட்டா வந்தா, சரியான நேரத்துக்கு வந்ததுன்னு எழுதுவீங்களா?"

கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதை நிறுத்தினார். "அது எப்படி எழுத முடியும்? வந்த நேரம் வந்த நேரம்தானே."

"அதேதான்."

அவர் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். கொஞ்சம் கழித்து, "அந்த ஏழாவது விதி என்ன சொன்னே, இன்னொரு தடவை சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

விழா வெள்ளிக்கிழமை. கடைசி ஆட்டம் புதன்கிழமை முடிந்தது. ஏழாவது விதிப்படி வியாழக்கிழமை மதியம்.

பரிசு மேசைக்கு விரிப்புத் தைப்பதும் கோப்பைகளைத் துலக்கி அடுக்குவதும் வருஷா வருஷம் தையல் டீச்சரின் வேலை. ஆகவே கோப்பைகள் எல்லாம் தையல் அறையில்தான் இருந்தன. வியாழக்கிழமை மணி அடித்ததும் அவர் சுழற்கோப்பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குடம் எடுத்துப் போகிற மாதிரி, மைதானத்தின் நடுவில் நடந்து கொட்டகைக்குப் பின்னால் போனார். யாரிடமும் மறைக்கவில்லை. ஆசிரியர் அறை ஜன்னல் வழியாக நாலைந்து பேர் பார்த்தார்கள்.

இருநூறு பிள்ளைகளுக்கு மேல் நின்றார்கள். டீச்சர் விதித்தாளைக் குழாய்ப் பலகையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார். ஏழு விதிகளையும் உரக்கப் படித்தார். கையெழுத்து யாருடையது என்பதையும் படித்தார். பிறகு புள்ளிகளைப் படித்தார், கடைசி இடத்திலிருந்து மேலே. ஒவ்வொரு பேருக்கும் அந்தந்த வகுப்பு கத்தியது. ராக்கெட் பேர் வந்தபோது அவன் தோளைக் குலுக்கினான். எண்பத்தொன்று என்றதும் எழுந்த சத்தத்தில் கொட்டகைத் தகரத்தில் இருந்த புறாக்கள் அத்தனையும் கிளம்பின.

கப்பல் மெதுவாகத்தான் வந்தாள். அவள் வேகமே அவ்வளவுதான். இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினாள்.

"ஒரு பக்கத்துக் காது ஆடுது டீச்சர்" என்றாள், கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து. "எங்கப்பாகிட்டக் குடுத்துச் சரி பண்ணிடறேன்."

"எடுத்துட்டுப் போ. இனி அது உன் பொறுப்பு. அடுத்த வருஷம் வரைக்கும்."

வெள்ளிக்கிழமை விழாவில் தலைமை ஆசிரியர் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து, கடைசியில், "வகுப்புப் போட்டிகளுக்கான சுழற்கோப்பை" என்று ஆரம்பித்து ராக்கெட்டின் பேரைப் படித்தார். விருந்தினர் எழுந்து கையை நீட்டினார். மேசையில் ஒன்றும் இல்லை. தலைமை ஆசிரியர் குனிந்து விரிப்புக்கு அடியிலும் பார்த்தார்.

டீச்சர் மேடை ஓரத்தில் எழுந்து நின்றார். மைக் தேவைப்படவில்லை. மூன்று மிஷின்கள் சத்தம் போடும்போது நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல்.

"அந்தக் கோப்பை நேத்தே குடுத்தாச்சு சார். ஜெயிச்சவங்க வீட்டுல இருக்கு."

அரங்கின் பின்வரிசையில் முதலில் ஒரு கைதட்டல். அப்புறம் ஏழாம் வகுப்பு முழுவதும். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. விருந்தினர், பாவம், விஷயம் தெரியாமல் தானும் தட்டினார்.

திங்கட்கிழமை காலை டீச்சருக்கு மெமோ வந்தது. பள்ளிச் சொத்தை அனுமதியின்றி வெளியே கொடுத்ததற்கும் விழாவுக்கு இடையூறு செய்ததற்கும் மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். டீச்சர் அரைமணி நேரத்தில் தந்தார். விதித்தாளின் நகலை இணைத்து, கீழே ஒரே வரி: 'விதி ஏழின்படி கொடுத்தேன், விதியில் உள்ள கையெழுத்து தங்களுடையது.'

கோப்பையைத் திரும்ப வாங்கிவரச் சொல்லி வெல்டர் வீட்டுக்குப் பியூன் போனார். மறுநாள் வெல்டரே வந்தார், கோப்பை இல்லாமல், வேலை உடுப்போடு. தலைமை ஆசிரியர் அறை வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"திருப்பிக் கேட்டீங்களாம். குடுத்துடறேன் சார். எதுக்குத் திருப்பி வாங்கறோம்னு ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. என் பொண்ணு கேப்பா. நான் என்ன பதில் சொல்றது?"

கையெழுத்து என்ற வார்த்தை வந்ததுமே தலைமை ஆசிரியர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "பரவாயில்ல, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் டீச்சரை அவர் விடவில்லை. அடுத்த வருஷம் பள்ளி திறந்ததும் முதல் சுற்றறிக்கை: வகுப்புப் போட்டிகள் இனி பி.டி. மாஸ்டர் பொறுப்பு. பொறுப்பு இல்லாத ஆசிரியர்கள் போட்டி நடத்தக் கூடாது. பழைய விதிகள் ரத்து. மாஸ்டர் வகுப்புக்கு ஐந்து பேராகப் பொறுக்கி, இரண்டே வாரத்தில் போட்டிகளை முடித்துவிட்டார். மிச்சப் பிள்ளைகள் மதில் ஓரத்துக்குத் திரும்பினார்கள்.

போட்டிகள் முடிந்த அன்று ராத்திரி சாப்பிட்டபோது கணவர் கேட்டார், "போதுமில்ல? விட்டுடு."

"விட்டுட்டேன்" என்றார் டீச்சர். "இனிமே நடத்தமாட்டேன்."

அந்தக் குரல் கணவருக்குத் தெரியும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

மறுநாள் மதியம் கொட்டகைக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். கோடுகள் பாதி அழிந்திருந்தன. எட்டாம் வகுப்புக்குப் போயிருந்த கப்பல் தன் பழைய விசிலோடு நின்றாள். டீச்சர் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு நேராக அங்கே வந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பச்சை மேல்சட்டை ஒன்றை எடுத்துத் தலைவழியாக மாட்டினார். அவருக்குக் கொஞ்சம் இறுக்கம்தான்.

"டீச்சர், நீங்க நடத்தக் கூடாதே" என்றாள் கப்பல்.

"நடத்தறது நீ. நான் ஆட வந்திருக்கேன். எந்தப் பக்கம் ஆள் குறையுது?"

கப்பல் இரண்டு பக்கமும் தலை எண்ணினாள். சிரிக்கவில்லை. நடுவர் வேலை என்றால் அவளுக்குச் சிரிப்பு வராது. "பச்சையில, பின்வரிசை இடது பக்கம்" என்றாள். விசில் ஊதினாள்.

முதல் பந்து டீச்சரின் தோளில் பட்டு எகிறியது. இரண்டாவது கைவிரல் வழியாக நழுவியது. நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக மூச்சிரைக்க ஓடினார். மூன்றாவது பந்தை மார்போடு சேர்த்து அணைத்துப் பிடித்தபோது, அதை என்ன செய்வது என்று மறந்துபோனார். "வீசுங்க டீச்சர்! வீசுங்க!" என்று பச்சை அணியே அலறியது. வீசினார். அது வலைக்குப் பதிலாக நின்ற கயிற்றுக்குக் கீழேயே போயிற்று.

நாலாம் நாள் தலைமை ஆசிரியர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்தார், செய்தி போயிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்து நின்றார்.

"சுற்றறிக்கை படிச்சீங்களா டீச்சர்?"

"படிச்சேன் சார். நடத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு. ஆடக் கூடாதுன்னு போடல."

"இந்த வயசுல... பிள்ளைங்க மதிப்பாங்களா உங்களை?"

"அதை அவங்ககிட்டயே கேளுங்க. சாப்பாட்டு வேளை என்னோடது சார். மணி அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு." பந்து எதிர்ப்பக்கத்தில் ஒரு பையன் கையில் தயாராக இருந்தது. டீச்சர் முழங்காலை மடித்து, கைகளை விரித்து நின்றார். "கொஞ்சம் நகருங்க சார். கோட்டுக்குள்ள நிக்கிறீங்க."

தலைமை ஆசிரியர் குனிந்து பார்த்தார். நிஜமாகவே உள்ளேதான் நின்றிருந்தார். கப்பல் விசிலை உதட்டில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரடி பின்னால் எடுத்துவைத்தார், பிறகு இன்னொரு அடி.

பந்து வந்தது. அன்றும் டீச்சர் அதை விட்டார். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தார்.